சிக்னல் ஏழுமலையின் மோதிர விரல்

கை நோய்களைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் புத்தகத்துப் படங்களில் கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேலே ஆள் இருக்கமாட்டார். உங்கள் மேஜை முன் நீளும் கைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு வேலை இருக்கும். அந்த வேலை நாளைக் காலையே அவரைக் கூப்பிடும். நோயின் பெயரைச் சொல்லிவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று உங்களில் யாராவது நினைத்தால், அவருக்காக இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் துறைமுக மதிலுக்கு எதிரே ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அதில் நான் உதவி மருத்துவர். காலையில் வரிசையில் நிற்கும் கைகளைப் பார்த்தே யாருக்கு என்ன தொழில் என்று சொல்லிவிடலாம். மீன் ஆயும் பெண்கள் கட்டைவிரலின் அடியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கைக்குழந்தைக்காரிகளும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வஞ்சிரத்தைப் புரட்டுவதும் பிள்ளையை அள்ளித் தூக்குவதும் மணிக்கட்டுக்கு ஒன்றுதான். கெளுத்தி முள் குத்தி விரல் நுனி பழுத்துப்போன மீனவர்கள், தூங்கும்போது கை மரத்துப்போகிறது என்று உதறிக்கொண்டே வரும் கர்ப்பிணிகள், கத்தரிக்கோல் பிடித்த விரலை நீட்ட முடியாத வண்ணாரப்பேட்டைத் தையற்காரர்கள் என்று ஒரு நாள் போவது தெரியாது.

ஒருவர் மணிக்கட்டின் முதுகில் எலுமிச்சம்பழம் போல ஒரு நீர்க்கட்டியோடு வந்தார். வலி இல்லை, வேலைக்கு இடைஞ்சலும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். அவருடைய மாமியார் அரிசி அளக்கும் படியை எடுத்து ஓங்கி ஒரே போடு போட்டாராம், கட்டி காணாமல் போய்விட்டதாம். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "கட்டி போயிடிச்சு டாக்டரம்மா. கைதான் தூக்க முடியல" என்றார். எலும்பு முறிந்திருந்தது. இடைஞ்சல் செய்யாத கட்டியை விட்டுவைப்பதும் ஒரு சிகிச்சை என்பதை மாமியாருக்கும் சேர்த்துச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஏழுமலை வந்தது கார்த்திகைத் தொடக்கத்தில், ஒரு பிற்பகலில்.

அவர் துறைமுகத்தில் சிக்னல்காரர். இந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலின் சரக்கறை கிணறு மாதிரி ஆழமானது. அதிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குவது நீராவி வின்ச். அதை ஓட்டுபவருக்குச் சரக்கறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது, கரையும் சரியாகத் தெரியாது. வாய்விட்டுச் சொன்னால் நீராவிச் சத்தத்தில் காதில் விழாது. சரக்கறையின் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரரின் கையை மட்டும் பார்த்து ஓட்டுவார். சுட்டுவிரல் மேலே சுழன்றால் தூக்கு. விரித்த கை கீழ்நோக்கி அசைந்தால் இறக்கு. முஷ்டி மூடினால் நிறுத்து. திறந்தால் தொடர். பாரத்துக்குக் கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய உயிர் அந்தக் கையில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

ஏழுமலைக்கு வின்ச் ஓட்டியவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். இருவரும் பல வருடமாக ஒரே கேங்கில் வேலை செய்தவர்கள், ஒரே தட்டில் நாஷ்டா தின்றவர்கள். ஒரு காலையில் அரிசி மூட்டைகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது ஏழுமலை முஷ்டியை மூடினார். வின்ச் நின்றது. பிறகு கையைத் திறந்தார். மற்ற விரல்கள் திறந்தன, மோதிர விரல் மட்டும் மடங்கியே நின்றது. மூடிய கையுமில்லை, திறந்த கையுமில்லை. காதர் அசையவில்லை. மேஸ்திரி கத்தினார், கரையில் லாரிக்காரர்கள் கத்தினார்கள். ஏழுமலையே மறு கையால் சைகை காட்டினார். அப்போதும் காதர் அசையவில்லை. கீழே இருந்த ஆட்களை ஓரம் போகச் சொல்லியனுப்பிவிட்டு, பாரத்தைத் தானே அங்குலம் அங்குலமாக இறக்கிவைத்துவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். புரியாத கைக்கு நான் வின்ச் ஓட்டமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஏழுமலைக்குச் சரக்கறையில் சிதறிய அரிசியைப் பெருக்கும் வேலை. காதரோடு பேச்சில்லை. பொங்கலுக்குள் டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால் பழைய இடம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லித்தான் மேஸ்திரி எங்களிடம் அனுப்பியிருந்தார்.

ஏழுமலை என் முன்னால் வந்து நின்று, கேட்பதற்கு முன்பே கையை நீட்டினார். மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார்.

"பாருங்க டாக்டரம்மா, பூ மாரி தொறக்குது. அந்த பாய் பேச்ச கேட்டுகினு என்னிய இங்க அனுப்பிகீறாங்க. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன்."

உண்மையிலேயே பூப்போலத்தான் திறந்தது. வெளியே வரிசை நீண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய இரண்டு கைகளும் இரண்டு ஆட்களுடைய கைகள் போல இருந்தன. இடது கையில் அரிசித் தூசி அப்படியே படிந்து வறண்டிருந்தது. வலது கை மணிக்கட்டு வரை சிவந்து, விரல் நுனிகள் ஊறிய வேர்க்கடலைத் தோல் மாதிரிச் சுருங்கியிருந்தன. பெஞ்சில் கொஞ்சம் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு உட்கார மனமில்லை. வேலை இருக்கிறது என்றார். வீட்டில் தேடுவார்கள் என்றார். நான் அடுத்த நோயாளியைப் பார்த்தேன், அதற்கடுத்தவரைப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கடற்காற்று நன்றாக வீசியது. சிவப்பு மெல்ல மெல்ல இறங்குவதை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தேன். கை ஆறியதும் கூப்பிட்டு, இப்போது மூடித் திறங்கள் என்றேன்.

மூடினார். திறந்தார். மோதிர விரல் வரவில்லை. சட்டென்று கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய் மறு கையால் எதையோ செய்தார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

"எந்தக் கடை?" என்றேன்.

அவர் கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கேட்டாண்ட கீற நாயர் கடதான். கிளாஸ் கழுவுற சட்டி." பிறகு நான் தப்பாக நினைத்துவிடப் போகிறேனே என்று சேர்த்துக்கொண்டார்: "கலீஜ் தண்ணி இல்ல டாக்டரம்மா. நல்ல சுடுதண்ணி."

நர்ஸ் சிரிப்பை அடக்க அறைக்கு வெளியே போய்விட்டாள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். விரல் பூட்டிக்கொள்ளும் இந்த நோய் காலையில் மோசமாக இருக்கும். கை சூடேறிப் பழகப் பழக இளகிவிடும். பிற்பகலில் ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். வெந்நீரில் முக்கினால் கேட்கவே வேண்டாம். கை எந்த நேரத்தில் தகராறு செய்கிறதோ அந்த நேரத்தில் பார்க்காமல் யாருக்கும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். இன்னொன்று, உங்களை ஏமாற்றப் பார்த்தவரைக் கோபிக்காதீர்கள். அவர் ஏமாற்றுவது பயத்தினால். அந்தப் பயம் நோயைவிடத் தெளிவாக, கையை அவர் எதற்கு வைத்திருக்கிறார் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும்.

விரலை மடக்கும் தசைநாண் உள்ளங்கையில் ஒரு சின்னக் குழாய்க்குள் ஓடுகிறது. ஏழுமலைக்கு இதைப் பாவாடை நாடாவை வைத்து விளக்கினேன். நாடாவில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் துளைக்குள் நுழையும்போது மாட்டிக்கொள்ளும். இழுத்தால் டக்கென்று வெளியே வரும். உங்கள் விரலிலும் அப்படி ஒரு முடிச்சு, துளையைக் கத்தியால் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் போதும் என்றேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் பயந்தார். அவர் தெருவில் ஒருவர் உள்ளங்கையில் சீழ் வைத்துக் கத்தி போட்டுக்கொண்டு, விரல்கள் கட்டையாகிப்போய் வந்தாராம். அதனால் முதலில் பலகை வைத்துக் கட்டி ஓய்வு கொடுத்துப் பார்த்தோம், அவிழ்த்ததும் விரல் மறுபடி பூட்டிக்கொண்டது. வெளிநாட்டில் இதற்கு ஒரு புது ஊசி வந்திருப்பதாகப் படித்திருந்தேன். அது எங்கள் அலமாரிக்கு இன்னும் வந்துசேரவில்லை.

இந்த நாட்களில் ஒருநாள் காதர் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வைத்தியத்துக்கு இல்லை. உயரமான மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். ஏழுமலையின் விரல் தேறுமா என்று கேட்டார். தேறும், அறுவைக்கு அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன்.

"அவன் கை சொன்னா நான் கண்ண மூடிகினு ஓட்டுவேம்மா. அன்னிக்கு கை ஒண்ணுமே சொல்லல. கீழ ஆளுங்க கீறாங்க, நான் இன்னா பண்றது?" என்றார். பிறகு, "நான் வந்துகினு போனேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொல்லவில்லை. ஆனால் ஏழுமலை மறுமுறை வந்தபோது அறுவைக்குச் சம்மதித்துவிட்டார். பெருக்குவதைவிட அறுத்துக்கொள்வது மேல் என்றார்.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லாமலே விடுகிறேன். அதிகம் பேசமாட்டார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கைக்கு அறுவை என்றால் முழு மயக்கம் கொடுக்க விடமாட்டார். கையை மட்டும் மரக்கச் செய்து, ஆள் விழித்திருக்க வேண்டும் என்பார். "வெட்டுவது சின்ன வேலை. வெட்டினது போதுமா என்று அந்தக் கைதான் சொல்ல வேண்டும்" என்பார். அன்று கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே நின்றார். நடுவிலேயே போ, இரண்டு பக்கமும் நரம்பு என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

துளை திறந்தது. விரலை நீட்டச் சொன்னேன், நீண்டது. மடக்கச் சொன்னேன், மடங்கியது. ஏழுமலை தலையைத் தூக்கிப் பார்த்து, "அட" என்றார். நான் தையல் ஊசிக்குக் கை நீட்டினேன்.

பெரிய டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். "மூடித் திறப்பது ஆஸ்பத்திரி வேலை. அவருடைய வேலையைச் செய்யச் சொல்" என்றார்.

ஏழுமலைக்கு வெட்கம் வந்துவிட்டது. "வின்ச் இல்லாம யாருக்கு காட்றது அய்யா?"

பெரிய டாக்டர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். கையுறை போட்ட கைகளை எதன் மேலும் படாமல் மார்புக்கு நேரே உயர்த்தி, இல்லாத இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் வின்ச். சொல்லு" என்றார்.

நான் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ள, ஏழுமலை படுத்தபடி சிக்னல் கொடுத்தார். தூக்கு. பெரிய டாக்டர் கைப்பிடியை இழுத்தார். நிறுத்து. நிறுத்தினார். இறக்கு. அவர் மறுபடியும் தூக்கினார்.

"அய்யா, எறக்கு சொன்னா தூக்குறீங்களே. மேல இட்ச்சிகினா சிலிங் கயிறு அறுந்துடும், கீழ ஆளு கீறான்" என்று ஏழுமலை கண்டித்தார்.

"தப்புத்தான்" என்றார் பெரிய டாக்டர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். இறக்கினார்.

வேலை சூடுபிடித்தது. நிறுத்து, தொடர், நிறுத்து, தொடர். ஏழுமலை எங்களை மறந்துவிட்டார், கப்பலுக்கே போய்விட்டார். அப்படி வேகமாக மூடித் திறந்த ஒரு முறை விரல் ஒரு கணம் தயங்கியது. கண்ணுக்குத் தெரியாத தயக்கம். மணிக்கட்டைப் பிடித்திருந்த என் விரலுக்கு மட்டும் தெரிந்தது. பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காயத்தை மறுபடி விலக்கிப் பார்த்தேன். துளையின் மேல் ஓரத்தில் நூல் போல ஓர் இழை வெட்டுப்படாமல் நின்றது. அதை வெட்டினேன். பிறகு எத்தனை வேகத்தில் மூடித் திறந்தாலும் விரல் தயங்கவில்லை. நல்ல வின்ச் நீங்க, ஆனா கொஞ்சம் அவசரம் என்று ஏழுமலை பெரிய டாக்டருக்குச் சான்று கொடுத்துவிட்டுத்தான் கட்டிலிலிருந்து இறங்கினார்.

அன்று மாலையே விரலை அசைக்கத் தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார்.

தையல் பிரிக்க வந்தபோது அவரை அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பியிருந்தது. வலது கை புடவைத் துணியில் கழுத்திலிருந்து தொங்கியது. கூட வந்த மனைவி அஞ்சலை பெருமையாகச் சொன்னார்: கத்தி பட்ட கையை ஒரு மயிரிழைகூட அசைய விடவில்லை. சோறு ஊட்டிவிட்டது அவர், தலை சீவிவிட்டது அவர், ஈ உட்கார்ந்தால் விசிறியதும் அவர். தெருவே அப்படித்தான் சொன்னதாம். அத்தனை அன்போடு பாதுகாத்ததில் நான்கு விரல்களும் பாதி மடங்கிய நிலையில் விறைத்துப்போயிருந்தன. பூட்டு போய்விட்டது, ஆனால் கதவே அசையவில்லை.

அஞ்சலையிடம் கோபித்து என்ன பயன்? எல்லா வீட்டிலும் அன்பு இப்படித்தான் கட்டுப் போடும். நான் ஏழுமலையை அசைக்கச் சொன்னேன். காயம் பிரிந்துவிடும் என்றார். பிரியாது என்றேன். வலிக்குது என்றார். வலிக்கும் என்றேன். என் முன்னால் கொஞ்சம் அசைத்தார், துணியில் மறுபடி மாட்டிக்கொண்டு போனார். அடுத்த முறையும் அதே விறைப்பு. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் சொல்லி அசையாத கையை யார் சொல்லி அசைய வைப்பது? துறைமுகத்துக்கு ஆளனுப்பிக் காதர் பாயைக் கூப்பிட்டேன். விவரத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஏழுமலையின் தெருவுக்குப் போனேன். சந்து முனையில் திரும்பும்போதே கூச்சல் கேட்டது. பொதுக் கிணற்றைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள் கூட்டம். கப்பியில் ஓடிய கயிற்றைக் காதர் பாய் பிடித்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு எதிரே, துவைக்கும் கல்லின் மேல், கிணற்றை எட்டிப் பார்த்தபடி ஏழுமலை நின்றார். கழுத்தில் துணி இல்லை. கை மட்டும் காதருக்குத் தெரியும்படி உயர்ந்திருந்தது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"பாய், தண்ணி குடுப்பியா மாட்டியா? அடுப்பு எரிஞ்சிகினு கீது" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவன் கை தொறந்தா தண்ணி. இல்லாட்டி இல்ல" என்றார் காதர். முகத்தைத் திருப்பவே இல்லை.

தெருவே ஏழுமலையின் மேல் பாய்ந்தது. நீட்டுய்யா என்றார்கள், சோம்பேறி என்றார்கள், ஒரு விரலுக்கு இம்மாம் பேஜாரா என்றார்கள். அஞ்சலையும் குடத்தோடு வரிசையில் நின்றார். முதல் நாள் காதரோடு சண்டைக்குப் போனவர் அவர்தான் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். இப்போது அவரே புருஷனைப் பார்த்து, "யோவ், விரல நீட்டு. உனுக்குத்தான் சோறு வைக்கணும்" என்றார்.

ஏழுமலை பல்லைக் கடித்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மோதிர விரல் கடைசியாக, நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தது. சுட்டுவிரல் சுழன்றதும் காதர் கயிற்றை இழுத்தார். வாளி மேலே வந்தது, முஷ்டிக்கு நின்றது, குடத்தில் கவிழ்ந்தது. அடுத்த குடம். இந்த ஏற்பாடு சில நாட்களாகக் காலையும் மாலையும் நடக்கிறதாம். நான் பார்த்த பயிற்சிகளிலேயே இதைவிடச் சிறந்ததில்லை. ஒரு கை, ஒரு வேலை, அந்த வேலை முடியக் காத்திருக்கும் ஒரு கூட்டம். இந்த மூன்றையும் எந்த ஆஸ்பத்திரியாலும் ஒரே அறையில் கொண்டுவர முடியாது.

இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். எல்லாம் கையால்தான். கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது ஏழுமலை கிணற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு கீழ இருந்தது அஞ்சல தம்பிதான், பாய்."

"தெரியும்" என்றார் காதர். "அவன் இல்லாட்டியும் நிறுத்தித்தான் இருப்பேன், நைனா. தூக்கவா?"

ஏழுமலையின் சுட்டுவிரல் சுழன்றது.

பொங்கலுக்கு முன் அவர் விரல் முழுவதும் மூடி, முழுவதும் திறந்தது. பிற்பகலில் வந்து காட்டினார். அஞ்சலையும் வந்திருந்தார். மேஸ்திரியின் தாளை மேஜைமேல் வைத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. இருவர் முகமும் வாடிப்போயிற்று. காலையில், வேலை தொடங்கும் நேரத்தில், கப்பலிலேயே பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். துறைமுகத்துக்குள் பொம்பள டாக்டரை எப்படி விடுவார்கள் என்று ஏழுமலை கேட்டார். விட்டார்கள். மேஸ்திரி வாசலில் வந்து அழைத்துப்போனார். அவருக்கும் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று பனி. கடலும் கப்பலும் ஒரே நிறமாக இருந்தன. இந்த நோய் உள்ளவர்களுக்கு இதைவிட மோசமான காலை அமையாது. அதனால்தான் எனக்கு அது நல்ல காலை. இறக்க வேண்டிய சரக்கு மூட்டை இல்லை, பந்தயக் குதிரைகள். பலகைக் கூண்டில் நின்றபடியே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் வைக்க வேண்டும். கூண்டு இடித்தாலும் வேகமாக இறங்கினாலும் குதிரை மிரளும், மிரண்டால் காலை முறித்துக்கொள்ளும். முதல் நாளே இப்படியா என்று மேஸ்திரி முணுமுணுத்தார்.

ஏழுமலை கப்பலின் விளிம்பில் ஏறி நின்றார். நான் மேஸ்திரியோடு கீழே கரையில் நின்றேன். காதர் வின்சில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கவில்லை, தலையசைக்கவுமில்லை. சுட்டுவிரல் சுழன்றது. நீராவி சீறியது. கூண்டு தளத்தைவிட்டு எழுந்து கரையை நோக்கி நகர்ந்தது. உள்ளே ஒரு செம்பழுப்புக் குதிரை, காதுகளை மட்டும் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தது.

எனக்குக் குதிரை தெரியவில்லை, கப்பல் தெரியவில்லை. வானத்தின் முன்னால் தெரிந்த அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் இரண்டடி முன்னால் போனேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

முஷ்டி மூடியது. கூண்டு அந்தரத்தில் நின்றது. ஏன் நிறுத்தினார் என்று எனக்குப் புரியவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். சுமை தூக்குபவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். கூண்டின் அடிப்பலகை என் தலைக்கு நேர் மேலே இருந்தது.

ஏழுமலை கத்தவில்லை. இடது முஷ்டியை மூடிக் காதருக்குக் காட்டிக்கொண்டே, வலது முஷ்டியை என் பக்கம் திருப்பித் திறந்தார். ஒரே வீச்சில், ஐந்து விரலும் நேராக, தயக்கமில்லாமல் திறந்தன. அந்தக் கை என்னைப் பார்த்துப் பக்கவாட்டில் ஒருமுறை அசைந்தது: ஓரம் போங்க.

நான் நகர்ந்தேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகுதான்.